பூஜையில் வைத்த மீட்டர்

சால்வை போர்த்தி, கையில் ஒரு தேங்காயையும் கொடுத்து, ஷெட்டில் இருந்த அத்தனை பேரையும் கைதட்ட வைத்துவிட்டார் பாகவத் சார். போசரியில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் மேலாளர் அவர். "மங்கை தாயி மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் இன்று ரஃபீக் உயிரோடு இல்லை" என்று மராத்தியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவைத்தான் இங்கே தாயி என்பார்கள். நான் சால்வைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். யாராவது ஒருத்தர் எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைக்க மாட்டார்களா என்றிருந்தது. எல்லாரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

என் பேர் மங்கையர்க்கரசி. அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி புனேவுக்கு வந்தவள், விஷ்ராந்த்வாடியிலேயே வேர் பிடித்துவிட்டேன். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு என் பொறுப்பு. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். பாதுகாப்பு விஷயம் என்றால் பாகவத் சாரையே ஏசுவேன். 'ஹெல்மெட் இல்லாமல் இந்தக் கோட்டைத் தாண்டினால் காலை ஒடிப்பேன்' என்று மராத்தியில் சொல்லப் பழகியதுதான் நான் இந்த ஊரில் முதலில் கற்றுக்கொண்ட முழு வாக்கியம். அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களிடம் ஒரு வேக்குவம் ஃபர்னஸ் இருக்கிறது. வண்டிகளுக்கான பல்சக்கரங்களைக் காற்றே இல்லாத இடத்தில் சூடாக்கி உறுதியாக்கும் எந்திரம். படுக்கவைத்த பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும், ஒரு ஆள் குனிந்து தவழ்ந்து உள்ளே போகலாம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டுச் சூடேற்றுவோம். வேலை முடிந்ததும் குளிரவைக்க ஆர்கான் வாயுவை நிரப்புவோம்.

இந்த ஆர்கான் விஷமில்லை. அதுதான் அதன் சூது. மணம் கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. காற்றைவிடக் கனமாக இருப்பதால் கதவைத் திறந்து வைத்தாலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே மூக்கை வைத்தால் இரண்டு மூச்சு, அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று தெரியும் முன்னே ஆள் சரிந்துவிடுவான். அதனால் யாரும் உள்ளே போகும் முன் ஆக்ஸிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால்தான் ஆள் இறங்கலாம். இடுப்பில் பட்டை, பட்டையில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வெளியே ஒரு காவல் ஆள். இந்த விதியை எழுதி, லாமினேட் செய்து, ஃபர்னஸ் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியதும் நான்தான்.

சரஸ்வதி பூஜைக்கு இவர்கள் கண்டே நவமி என்பார்கள். அன்றைக்கு எந்திரங்களைக் கழுவி, செண்டுப்பூ மாலை போட்டு, தேங்காய் உடைப்பார்கள். பூஜை முடிந்த அடுத்த நிமிஷம் அதே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. எங்கள் பக்கத்தில் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்யும்வரை யாரும் தொட மாட்டோம், புத்தகமானாலும் அரிவாளானாலும் சரி. வருஷா வருஷம் இதைச் சொல்லிச் சண்டை போடுவேன். இந்த வருஷம் ஃபர்னஸும் ஓடவில்லை, வேலையும் இல்லை, என் பேச்சு எடுபட்டது. ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கருவிகளையெல்லாம் துடைத்து அடுக்கினேன். நடுவில் ஆக்ஸிஜன் மீட்டர். இருப்பதிலேயே மதிப்பான சாமான் என்று அதற்குத்தான் பெரிய பூவாக வைத்தேன்.

பூஜை முடிந்ததும் ஷ்ரேயஸ் என்ற ஃபிட்டர் பழக்கதோஷத்தில் ஒரு ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினான். "கைய எடு! நாளைக்குக் காலையில நான் சொல்ற வரைக்கும் எவனும் இதுமேல விரல் வைக்கக்கூடாது" என்று ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி இந்தியில் கத்தினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் பாகவத் சார் வந்தார். மறுநாள் தசராவுக்கு நல்ல நேரம் பார்த்து முதல் லோடு ஏற்ற வேண்டுமாம். ஃபர்னஸுக்குள் சூடேற்றும் கம்பி ஒன்றின் பிடிமானம் கழன்றிருந்தது, அதை இன்றே மாட்டிவிடச் சொன்னார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் முகமது ரஃபீக்கும்தான் மிச்சம்.

ரஃபீக் எங்கள் மூத்த டெக்னீஷியன். மேலப்பாளையத்துக்காரன். இந்த ஷெட்டில் தமிழ் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள். அவன் வந்த நாளிலிருந்து நான் அவனுக்கு அக்கா. மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டான், ஆர்கான் வால்வை மூடி அதற்கும் பூட்டுப் போட்டான், கதவைத் திறந்து, காற்றடிக்கும் ப்ளோயரை வைத்தான். ஸ்பேனருக்கு ஸ்டோரில் புது செட் ஒன்று இருந்தது. மீட்டருக்கு வேறு கதியில்லை, இருந்த இன்னொன்றை அளவு சரிபார்க்க வெளியே அனுப்பியிருந்தோம்.

"அக்கா, மீட்டர எடுத்துத் தாங்க" என்றான்.

"அது பூஜையில இருக்குல்லா. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அப்ப உள்ள எப்படிப் போகதுக்கு?"

"ப்ளோயர் ஓடிக்கிட்டுத்தான இருக்கு? கதவு தொறந்தும் எவ்வளவு நேரமாச்சு. ஒரு போல்ட்ட முறுக்குத வேலை. போயிட்டு வந்துரு."

அவன் பூஜை மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்தான். "நான் போயி எடுத்தா உங்க சாமிக்குக் கோவம் வரும். நீங்களே எடுத்துத் தாங்கக்கா, ஒரு நிமிசம் பாத்துட்டுத் திருப்பி வச்சிருவோம்."

"சாமிக்கு வராது, எனக்குத்தான் வரும். காலையில அந்தப் பயல அந்த ஏச்சு ஏசிட்டு இப்ப நானே எடுத்தா எவன் என்னைய மதிப்பான்? வாயாடாம போ ரஃபீக்."

பக்தி என்று சொன்னால்கூட மனசு கொஞ்சம் ஆறும். பக்தி இல்லை. ஷ்ரேயஸ் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் கையில் மீட்டர் இருக்குமே என்ற வீம்பு. அவ்வளவு அற்பமான காரணம்.

"சரி, நீங்க நிக்கீய, எனக்கென்ன" என்றான் ரஃபீக். பட்டையை மாட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மராத்தியில் கவிதை சொல்ல வேண்டுமாம், வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று உள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். கீழே இருக்கும் போல்ட்டுக்காகக் குப்புறப் படுத்தான். பேச்சு நின்றது. வேலையில் கவனமாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு அவன் பூட்ஸ் இரண்டும் தாமாகப் பக்கவாட்டில் சாய்ந்தன.

"ரஃபீக்! ஏ ரஃபீக்!"

பேச்சு மூச்சு இல்லை. உள்ளே பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுக்கத்தான் உடம்பு துடித்தது. அப்படிப் பாய்ந்தவர்கள் பக்கத்திலேயே விழுந்து செத்திருக்கிறார்கள் என்று வகுப்பெடுப்பவள் நான். போகவில்லை. கதவில் காலை உதைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன், ஊரே கேட்கக் கத்தினேன். ஷ்ரேயஸ் சோற்றுக் கையோடு ஓடி வந்து சேர்ந்து இழுத்தான். வெளியே வந்தபோது ரஃபீக்கின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் பிடித்தோம். அவன் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

ஆம்புலன்ஸ் போனதும் பூஜை மேசைக்குப் போனேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் மீட்டரை எடுத்தேன், பூவைப் பிய்த்து எறிந்தேன், ஃபர்னஸின் அடியில் இறக்கினேன். அது வீறிட்டு அலறியது. மூடிய வால்வு உள்ளுக்குள் கசிந்து அடியில் ஆர்கான் தேங்கியிருந்தது. ப்ளோயர் மேல்காற்றைத்தான் கலைத்துக்கொண்டிருந்தது. மீட்டர் அலறிக்கொண்டிருக்கும்போதே பாகவத் சார் ஓடி வந்தார்.

"ரஃபீக் மீட்டர் எடுத்துக்கொண்டு போகவில்லையா?" என்றார்.

"எடுக்கவில்லை சார்" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். அவன் எடுக்கவில்லைதான். அந்த இரண்டு வார்த்தையோடு வாய் பூட்டிக்கொண்டது. பெரிய வாய்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரஃபீக் கண் விழித்திருந்தான். அவன் மனைவி ஜைத்தூன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என் புள்ளைகளுக்கு வாப்பாவ மீட்டுக் குடுத்துட்டீயளே அக்கா" என்று என் தோளில் அழுதாள். அவன் என்ன சொல்லியிருக்கிறானோ என்றுதான் நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே ஞாவகம் இல்ல" என்றான் ரஃபீக். குரல் கரகரத்தது. "காலையில செண்டுப்பூ கட்டுனது தெரியுது. பொறவு இந்தக் கட்டில்தான். மூளைக்குக் காத்துப் போகலல்லா, அதான் நடுவுல அழிஞ்சு போச்சாம். டாக்டர் சொல்லுதாரு." பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மீட்டரு இல்லாம உள்ள போயிருக்கேனே. எனக்கு என்ன கேடு வந்துச்சு? உங்க பேரயும்லா கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

அவன் அழுதான். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் ஜைத்தூன் நன்றியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு? பேசாம படு" என்றேன். எனக்குள்ளே, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதி வந்தது. அன்று ஃபர்னஸ் பக்கத்தில் எங்களைத் தவிர யாரும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் நாங்கள் பேசிய தமிழ் யாருக்குப் புரிந்திருக்கும்? இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நிம்மதி ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் ஷெட்டில் போர்த்திய அந்தச் சால்வையோடு வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் வாசுதேவன் அதைப் படமெடுத்து அவர் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'சிங்கப்பெண்' என்று ஒரு மைத்துனர் எழுதியிருந்தார். "பாரு மங்கை, என்னமா எழுதியிருக்காங்க" என்று போனை நீட்டினார். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா?" என்று பாய்ந்தேன். மனுஷர் மிரண்டு போய் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? யார் மேலாவது விழ வேண்டியிருந்தது.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரசம் சாதம், கருப்பட்டிக் காப்பி, அவன் மகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுக்க எங்கள் குடியிருப்பு மராத்தி டீச்சர். என்னவெல்லாமோ செய்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் நான் "விடு விடு" என்றேன், பெருந்தன்மைக்காரி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜைத்தூன் போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இவுக வேலைய விட்டுட்டு ஊருக்குப் போகணுங்காக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக" என்றாள்.

காசர்வாடியில் இரண்டாவது மாடி வீடு. ரஃபீக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், ஆள் பாதியாகியிருந்தான். நாளைக்குக் கம்பெனிக்கு வந்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாகவத் சார் சொல்லியிருந்தார். 'விதியை மீறி உள்ளே நுழைந்தது என் தவறு' என்று ரஃபீக் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஃபர்னஸ் பக்கம் விடமாட்டார்கள், பேக்கிங்கில் போடுவார்கள். அதுகூட வேண்டாம் என்றான்.

"போட்டுட்டு அப்படியே கணக்க முடிச்சிக்கிடுதேன் அக்கா. மேலப்பாளையத்துல எங்க காக்கா கடை இருக்கு, அண்ணன்கூட அதுல நின்னுக்கிடுவேன்."

"பைத்தியக்காரத்தனமாப் பேசாத. வேலையில ஒரு தடவ தப்பு வாரதுதான்."

"இது அந்த மாரித் தப்பு இல்லக்கா. ராத்திரி படுத்தா தூக்கம் வரமாட்டேங்கு. வால்வு நம்பர எல்லாம் வரிசையாச் சொல்லிப் பாக்கேன். எல்லாம் ஞாவகம் இருக்கு. மீட்டரு மட்டும் எப்படி மறந்தேன்? மறதி புடிச்சவன் அந்த மிசின் பக்கத்துல நிக்கப்படாது. இன்னைக்கு நான் விழுந்தேன். நாளைக்கு என் மறதியில இன்னொருத்தன் விழுந்தா அவன் வீட்டுக்கு யாரு பதில் சொல்லுவா?"

அவன் தன் தலையில் விரலால் தட்டிக் காட்டினான். இங்கே என்னவோ கெட்டுப்போய்விட்டது என்கிற மாதிரி. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"நீ மறக்கல ரஃபீக்."

அவன் நிமிர்ந்தான்.

"நீ கேட்ட. மீட்டரு வேணும்னு நீ கேட்ட. பூஜையில இருக்கு, தொடக்கூடாதுன்னு நான்தான் தரல. எடுத்துத் தாங்கக்கான்னு ரெண்டாம் தடவையும் கேட்ட. ஷ்ரேயஸ ஏசிட்டு நானே எடுத்தா மரியாத போயிருமேன்னு உன்னைய உள்ள போகச் சொன்னேன். பாவி, நான்தான் போகச் சொன்னேன்."

அவன் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் முகம் மலர்ந்தது. "கேட்டேனா?" என்றான். "நான் கேட்டேனா அக்கா? மறக்கலயா?" எழுந்து நின்றுவிட்டான். "ஏளா ஜைத்தூன், இங்க வா! நான் மீட்டரு கேட்டிருக்கேனாம். ரெண்டு தடவ கேட்டிருக்கேனாம்! எனக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல. கேட்டியா?"

அவன் சிரித்ததை என்னால் பார்க்க முடியவில்லை. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுக்களையிலிருந்து வந்த ஜைத்தூன் சிரிக்கவில்லை. அவள் முந்திக்கொண்டு புரிந்துகொண்டாள். என்னையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவள் பார்வையைப் பார்த்துத்தான் ரஃபீக்கின் சிரிப்பும் மெல்ல நின்றது. மறுபடி உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில உங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன்லா" என்றான்.

"ஆமா."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தினம் வந்தீயளே. தினம் நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீய."

உள்ளே போகச் சொன்னது ஒரு நிமிஷத்து வீம்பு. இது அப்படியா? இதை நான் தினமும் யோசித்து, தினமும் சோற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்ச் செய்தேன். "பாகவத் சார்ட்ட நாளைக்கு நானே போயிச் சொல்லிருதேன்" என்றேன்.

"நாளைக்கு வேண்டாம். இப்ப இங்க இருந்தே போன் போடுங்க" என்றான் ரஃபீக். "ஸ்பீக்கர்ல போடுங்க."

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. போட்டேன். போனை மேசையில் வைத்தேன். பாகவத் சார் உற்சாகமாக எடுத்தார். நான் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, வீம்பு, அவன் இரண்டு தடவை கேட்டது, ஒன்றையும் விடவில்லை.

"தாயி" என்றார், ரொம்பத் தணிந்த குரலில். "இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா? வேண்டாம். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயாகிவிட்டது. இப்போது மாற்றினால் உங்கள் வேலையும் போகும், எனக்கும் கேள்வி வரும். ரஃபீக்குக்குத்தான் ஒன்றும் ஞாபகமில்லையே. அவனை நான் பேக்கிங்கில் நல்லபடியாக வைத்துக்கொள்கிறேன். போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்."

ரஃபீக் போனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், நான் என் வீட்டு பால்கனியில் நின்று பேசியிருந்தால், 'சரி சார்' என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

"சார், அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது" என்றேன். "நாளைக்குக் காலையில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். வாங்க மாட்டேன் என்றால் தலைமை அலுவலகத்துக்கு நானே அனுப்புவேன். ரஃபீக் பக்கத்தில்தான் இருக்கிறான். நீங்கள் சொன்னதைக் கேட்டான்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் போனை எடுத்துப் பைக்குள் போட்டேன். ரஃபீக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் எழுந்தேன். "போயிட்டு வாரேன்" என்றேன்.

ஜைத்தூன் கதவைத் திறந்து பிடித்தாள். "சரி, வாங்க" என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.